உயிரோடு இருக்கும்வரை மச்சம்

மீன் தொட்டி வைத்திருக்கும் வீடுகளைக் கண்டால் எனக்கு ஆகாது. செருப்பைக் கழற்றி உள்ளே நுழைந்ததுமே நீல விளக்கு, வாயைத் திறந்து திறந்து குமிழி விடும் பிளாஸ்டிக் பொம்மை, பின்னால் ஒட்டிய பவளப்பாறைப் படம். "பார்த்துக்கிட்டே இருந்தா மனசுக்கு எவ்வளவு இதமா இருக்கு தெரியுமா" என்று வீட்டுக்காரர் ஆரம்பிப்பார். எனக்கு இதமாக இருக்காது. நான் கண்ணாடியின் நான்கு மூலைகளிலும் மஞ்சள் பொட்டு இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால், கொடுத்த காபியை மடமடவென்று குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

இந்த வெறுப்பு சிதம்பரத்தில் என் மாமியார் வீட்டு ஹாலில் பிடித்தது. கீழவீதிக்குப் பின்பக்கத் தெருவில் இருக்கிறது அந்த வீடு. முட்டைகூட நுழையாத வீடு. நான் கடலூர் பழைய டவுனுக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் ஊரில் பிறந்தவள். அப்பாவுக்குப் படகு, அம்மாவுக்கு மீன்கூடை. நான் வேதியியல் படித்து, சிதம்பரத்துக்கு பி.எட். படிக்கப் போன இடத்தில் இவரைப் பார்த்தேன். இவர் அப்போது கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். 2007-இல் கல்யாணம். அவர் வீட்டில் மூன்று மாதம் சாப்பிடாமல் கொள்ளாமல் கிடந்து பிறகு சம்மதித்தார்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். மாமியார் ஒரு கிலோகூட இளைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

கல்யாணம் முடிந்த அடுத்த மாதம் அம்மா என்னைப் பார்க்க வந்தாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, கையில் ஆப்பிளும் ஆரஞ்சும். மாமியார் வாசல் கிரில் கேட்டுக்கு உள்பக்கம், வராண்டாவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டார். உள்ளே சாமி ரூம் இருக்கிறது, அதனால் தப்பாக நினைக்கக் கூடாது என்றார். காபி பேப்பர் கப்பில் வந்தது. அந்த வீட்டில் பேப்பர் கப் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும், அம்மாவுக்காகவே கடைக்கு ஆள் அனுப்பி வாங்கியிருக்கிறார்கள்.

நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போனேன். அம்மா அழவில்லை. அவள் அழுகிற ஜாதி இல்லை, மீன் வாங்காமல் விலை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவர்களையே தெருக்கோடி வரை ஏசுகிறவள். பஸ் ஏறும்போது மட்டும் திரும்பிச் சொன்னாள். "உன் மாமியார் என்ன ஹால்ல கூப்ட்டு, ஃபேனுக்குக் கீழ உக்கார வெக்கட்டும். அன்னிக்கு வரேன். அதுவரைக்கும் என்னக் கூப்புடாத."

அந்த நாற்காலி ஹாலுக்குள் வர வேண்டும். மூன்று வருஷம் அந்த வீட்டில் நான் வேறு எதையும் பெரிதாக ஆசைப்படவில்லை.

கல்யாணமாகி இரண்டு வருஷம் எனக்குக் குழந்தை இல்லை. மாமனார் ரிட்டயர் ஆன அரசாங்க உத்தியோகஸ்தர். ஆபீஸில் பார்க்க ஃபைல் இல்லாத குறையை வாஸ்து பார்த்துத் தீர்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாஸ்து ஆளைக் கூட்டிவந்தார். அந்த மனுஷர் கையில் திசைகாட்டியோடு வீட்டைச் சுற்றிவந்து, வடகிழக்கில் நீர் இல்லை, அதுதான் வாரிசு தங்கவில்லை என்று சொன்னார். ஹாலின் வடகிழக்கு மூலையில் மீன் தொட்டி வைக்க வேண்டும். எட்டுத் தங்க நிற மீன், ஒன்று கருப்பு. வீட்டுக்கு வருகிற திருஷ்டியைக் கருப்பு மீன் தன் மேல் வாங்கிக்கொண்டு செத்துப்போகும், உடனே வேறு கருப்பு வாங்கி விட்டுவிடலாம். கேட்கும்போதே எனக்கு அந்தக் கருப்பு மீனின் மேல் பரிதாபம் வந்தது.

தொட்டியைக் கடலூரில் ஒரு கடையிலிருந்து டெம்போவில் கொண்டுவந்தார்கள். மூன்றடி நீளம். மரப்பலகை ஸ்டாண்டு, காற்று அடிக்கிற மோட்டார், பஞ்சு வைத்த ஃபில்டர், கண்ணைப் பறிக்கும் நீலக் கல், பச்சை பிளாஸ்டிக் செடி. கடைக்காரப் பையன் குழாய்த் தண்ணீரை நிரப்பினான், மோட்டாரைப் போட்டான், பாலிதீன் பையைப் பிரித்து ஒன்பது மீனையும் கொட்டினான், போய்விட்டான். மொத்தம் அரைமணி நேரம். உறைமோர் ஊற்றாத பாலை மூடிவைத்துத் தயிர் எங்கே என்று கேட்கிற வேலைதான் அது. ஆனால் அன்றைக்கு எனக்கும் அவ்வளவு தெரியாது. எங்கள் ஊரில் மீன் என்றால் வலையில் வரும், ஐஸில் கிடக்கும், குழம்பில் கொதிக்கும். உயிரோடு வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தவர்கள் எங்கள் வம்சத்திலேயே கிடையாது.

இதை மாமியாரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் ஏறவில்லை. "உங்க ஆளுங்களுக்குத் தெரியாத மீனா" என்று தொட்டியின் பொறுப்பை என் தலையில் கட்டினார். நான் எம்.எஸ்ஸி. படித்தது, ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பது எதுவும் கணக்கில் இல்லை. என் பிறப்பைப் பார்த்துக் கொடுத்த பொறுப்பு அது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பொறுப்புதான் என்னுடையது, அதிகாரம் அவருடையது. அந்த வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் எல்லாவற்றையும் கழுவ வேண்டும். தரை, வாசற்படி, குத்துவிளக்கு, இப்போது தொட்டியும். டீ வடிகட்டியால் மீன்களை அள்ளிப் பக்கெட்டில் போடுவார். தண்ணீர் மொத்தத்தையும் இறைத்துக் கொட்டுவார். நீலக் கல்லை அரிசி களைகிற மாதிரி ஏழெட்டுத் தண்ணீரில் களைவார். ஃபில்டர் பஞ்சைத் துணி துவைக்கும் கல்லில் வைத்து அடிப்பார். கண்ணாடியைப் பாத்திரம் விளக்கும் பவுடர் போட்டுத் தேய்த்து, குழாய்த் தண்ணீரை நிரப்பி, நான்கு மூலையிலும் மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டுவார். மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு மூச்சுக்குத் தவிக்கும். "சந்தோஷமா மேல வந்து விளையாடுது பாரு" என்பார்.

சாப்பாடும் அப்படித்தான். கடையில் புழு கொடுத்தார்கள், அது அசைவம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். டப்பாவில் விற்கிற சிவப்பு உருண்டை வந்தது. மூடியைத் திறந்ததும் எனக்கு வாசனை தெரிந்துவிட்டது. டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன், பொடி எழுத்தில் மீன் தூள் என்று முதலாவதாகவே போட்டிருந்தது. சுத்தமான கருவாட்டுப் பொடி. என் அம்மாவை வாசலில் உட்கார வைத்த வீட்டில், சாமி ரூமுக்கு எதிரில், தினமும் காலையில் குளித்து முழுகிய கையால் மாமியார் கருவாட்டுப் பொடியைத் தூவிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே சந்தோஷம் அது. விசேஷ நாட்களில் அதோடு கொஞ்சம் சர்க்கரைப் பொங்கலும் தொட்டிக்குள் போகும்.

மீன் என்று மாமியார் சொல்ல மாட்டார். அது கவிச்சி வார்த்தை. மச்சம் என்பார், பெருமாள் எடுத்த அவதாரம் என்பார். மச்சத்துக்குத் தீனி போட்டாச்சா, மச்சம் தூங்குது லைட்டை அணை, பக்கத்து வீட்டு மாமி மச்சத்தைப் பார்க்க வந்திருக்காங்க. நானும் பழகிக்கொண்டு மச்சம் என்றே சொன்னேன். பள்ளிக்கூடத்தில் ஒருநாள் வாய் தவறி, மச்சங்கள் செவுள்களால் சுவாசிக்கின்றன என்று சொல்லி, வகுப்பே சிரித்தது.

முதல் வாரத்திலேயே தங்க நிறத்தில் ஒன்று செத்தது. அடுப்படியில் நின்றிருந்தேன். ஹாலிலிருந்து மாமியார் குரல் கொடுத்தார். "ஏம்மா, மீன் செத்துக் கெடக்கு. வந்து எடு." என்ன திடீரென்று மீன் என்கிறாரே, வாய் தவறி வந்திருக்கும் என்று நினைத்தேன். அடுத்த வாரம் இன்னொன்று. அப்போதும் மீன்தான். மூன்றாவது முறை எனக்குச் சந்தேகம் தீர்ந்தது. உயிரோடு நீந்தும்வரை அது மச்சம், அவர்களுடையது. செத்து மிதந்தால் மீன், என்னுடையது. நாங்கள் தொடக் கூடாது, உனக்குப் பழக்கம்தானே என்பார். பழைய பேப்பரில் வைத்துக் கொண்டுபோய்த் தென்னை மரத்தடியில் புதைத்துவிட்டு, நான் தலைக்குக் குளித்த பிறகுதான் அடுப்படிக்குள் விடுவார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், திருஷ்டியை வாங்கிக்கொண்டு சாக வேண்டிய கருப்பு மீன் சாகவேயில்லை. தங்க நிறம் செத்துச் செத்துப் புதிது வந்துகொண்டேயிருந்தது. கருப்பு மட்டும் பிளாஸ்டிக் செடிக்குப் பின்னால் குண்டாக, திமிராக நின்றது. மாமனாருக்கு அதன் மேல் கோபம். வாங்கிவந்த வேலையைச் செய்யவில்லையாம். எனக்கு அந்த வீட்டில் பிடித்த ஒரே ஜீவன் அதுதான், இவரையும் சேர்த்தே சொல்கிறேன்.

தொட்டி வந்த மூன்றாம் மாதம் நான் உண்டானேன். வீடு முழுக்கத் தொட்டிக்குத்தான் பாராட்டு. வடகிழக்கில் தண்ணீர் வைத்ததும் வேலை செய்துவிட்டது என்று மாமனார் தெருவெல்லாம் சொன்னார். என் கணவருக்கு இதில் ஏதாவது பங்கு இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவருக்கே தோன்றவில்லை, தொட்டியைப் பார்த்துக் கும்பிட்டார்.

அதிலிருந்துதான் தொந்தரவு பெரிதானது. இனி ஒரு மச்சம் செத்தாலும் அது வயிற்றில் இருக்கும் பிள்ளையைப் பார்த்து வந்த திருஷ்டி என்று வாஸ்து ஆள் சொல்லிவிட்டார். ஒரு மண்டலம் முழுக்க ஒன்றுகூடச் சாகாமல் இருந்தால்தான் வீடு சுத்தமானதாக அர்த்தம், அதற்குப் பிறகுதான் நாலு பேரைக் கூப்பிட்டு வளைகாப்பு வைக்கலாம். இல்லாவிட்டால் விசேஷமே வேண்டாம், ஒன்பதாம் மாதம் சத்தமில்லாமல் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடலாம்.

வளைகாப்பு என்றால் பெண்ணைப் பெற்றவள் வளையலும் சாதமும் எடுத்துக்கொண்டு வந்தாக வேண்டும். ஊரார் முன்னால் அவளை வராண்டாவில் உட்கார வைக்க முடியாது. ஹாலுக்குள் கூப்பிட்டே தீர வேண்டும். அந்த நாற்காலியை ஃபேனுக்குக் கீழே கொண்டுவர எனக்கு வேறு வழி கிடையாது. எட்டுத் தங்க மீனும் ஒரு கருப்பு மீனும் ஒரு மண்டலம் உயிரோடு இருந்தால் என் அம்மா உள்ளே வருவாள். அவ்வளவு கேவலமான ஒரு கணக்கில் நான் மாட்டிக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் நைட்ரஜன் சுழற்சி நடத்திக்கொண்டிருந்த ஒருநாள்தான் எனக்கு உறைத்தது. கரும்பலகையில் அம்மோனியா என்று எழுதிவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். சாயந்திரம் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடிப் படித்தேன். மீனின் கழிவும் மிச்சத் தீனியும் தண்ணீரில் அம்மோனியாவாகிறது, அது மீனுக்கு விஷம். அதைத் தின்று கெடுதல் இல்லாததாக மாற்றுகிற நுண்ணுயிர்கள் கல்லிலும் பஞ்சிலும் ஒட்டி வளர வேண்டும். அதற்குச் சில வாரம் ஆகும். அதுவரை தொட்டியில் மீனே விடக் கூடாது, விட்டாலும் ஒன்றிரண்டுதான். தண்ணீரைக் கால்வாசிக்கு மேல் மாற்றக் கூடாது. பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலச வேண்டும். நாங்களோ வாராவாரம் அந்த உயிர்களை மஞ்சள் குங்குமத்தோடு ஒழித்துக்கட்டிக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கே இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னேன். மாமனார் பேப்பரை மடித்துவிட்டு, பாக்டீரியா என்றால் கிருமிதானே, வீட்டுக்குள் கிருமியை வளர்க்கச் சொல்கிறாயா என்றார். மாமியார் அதற்கு மேல் போனார். "உங்க வீட்ல கழுவாம வெச்சிருப்பீங்க. இங்க அந்தப் பழக்கம் கெடையாது." இவர் பக்கத்தில்தான் இருந்தார். ராத்திரி என்னிடம், விடு, அம்மா மனசு கஷ்டப்படும் என்றார். என் மனசு என்று ஒன்று இருப்பதை இவருக்கு யார் எடுத்துச் சொல்வது.

ஆறாம் மாதம் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கழுவுவதும், ஞாயிற்றுக்கிழமை நான் புதைப்பதும் நிற்கவில்லை. குனிந்து மண் தோண்ட வயிறு இடம் கொடுக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் மண்டலம் முதலிலிருந்து ஆரம்பித்தது.

ஒரு வியாழக்கிழமை காலை மாமியார் தீனி போட்டுவிட்டுப் போனதும் பிளாஸ்டிக் செடிக்குள் கடுகு கடுகாக ஏதோ அசைவதைப் பார்த்தேன். கிட்டே போய்ப் பார்த்தால் கண்ணும் வாலுமாகக் குஞ்சுகள். கருப்பு மீன் குட்டி போட்டிருந்தது. மாலி என்று பேர், அந்த ரகம் முட்டையிடாது, குட்டிதான் போடும். கடையிலேயே ஆணோடு சேர்ந்து வந்தால் மாதக்கணக்கில் போடுமாம், இதற்கு முன்னால் போட்டதெல்லாம் கண்ணில் படாமல் போயிருக்கும். அது ஏன் அவ்வளவு குண்டாக இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. இன்றைக்கு நினைத்தாலும் என் முதுகில் நானே தட்டிக்கொள்ளத் தோன்றும்.

அந்த வீட்டில் தீட்டு என்றால் நடுங்குவார்கள். விருத்தாசலத்தில் ஏதோ ஒரு பங்காளி வீட்டில் பிள்ளை பிறந்ததற்கு இங்கே சாமி ரூமைப் பூட்டியவர்கள். நான் நேராக மாமியாரிடம் போனேன்.

"அத்த, கருப்பு மச்சம் குட்டி போட்டிருக்கு. புள்ள பெத்த தண்ணி. நீங்க கை வெக்கலாமா?"

மாமியார் இரண்டு எட்டுப் பின்னால் போனார். மச்சத்துக்குக்கூடத் தீட்டு உண்டா என்று கேட்டார். பெருமாள் அவதாரம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள், அதற்கு உண்டா இல்லையா எனக்கு எப்படித் தெரியும் என்றேன். மாமனார் வாஸ்து ஆளுக்கு போன் போட்டார். உண்டு என்று சொன்னாராம். இல்லை என்று சொல்லிப் பழக்கமே இல்லாத மனுஷர் அவர்.

அந்த வெள்ளிக்கிழமை வீட்டில் எல்லாம் கழுவப்பட்டது, தொட்டி மட்டும் தப்பித்தது. தீனி போடவும் தீட்டுத் தண்ணீரில் கை வைக்கவும் என்னை விட்டால் ஆள் இல்லை. எனக்குத்தான் பழக்கமாயிற்றே. முதல் நாளே பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வைத்துக் குளோரின் வாடை போகவிட்டேன். தொட்டியில் கால்வாசி எடுத்துவிட்டு அதை ஊற்றினேன். எடுத்த தண்ணீரிலேயே பஞ்சை லேசாக அலசினேன். பொங்கல் போடுவதும் தீட்டோடு நின்றது. முதலில் தண்ணீர் அரிசி கழுவின மாதிரி கலங்கிப்போனது. மாமியார் தூரத்தில் நின்று முகத்தைச் சுளித்தார், ஆனால் கிட்டே வர முடியாது. பிறகு ஒருநாள் காலையில் பார்த்தால் தெளிந்திருந்தது. மீன்கள் மேலே வந்து தவிக்கவில்லை, நடுத் தண்ணீரில் சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு வெகுநேரம் பார்த்தேன். மனசுக்கு இதமாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

தீட்டு கழிகிற சமயத்தில் கருப்பு மறுபடியும் குட்டி போட்டது. அடுத்த மாதமும் போட்டது. குட்டிகளில் முக்கால்வாசியைத் தங்க மீன்கள் தின்றன. அந்தச் சேதியை நான் சைவ வீட்டில் சொல்லவில்லை. ஒரு மண்டலம் ஓடியது. ஒன்றும் சாகவில்லை. ஒன்பதாம் மாதம் ஒரு புதன்கிழமை வளைகாப்பு என்று முடிவானது. மாமியார் தானே அம்மாவுக்கு போன் பண்ணிக் கூப்பிட்டார். அம்மா எதிர்முனையில் வெறும் சரிங்க, சரிங்க என்றே சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு இங்கே கேட்டது.

அப்பா வரவில்லை, வரவும் மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அம்மா ஐந்து வகைச் சாதமும் கண்ணாடி வளையலும் எடுத்துக்கொண்டு வந்தாள். வாசலில் என் கையைப் பிடித்தபோது எலுமிச்சம்பழ வாசனை அடித்தது. இரண்டு நாளாக மார்க்கெட் போகாமல், எலுமிச்சையும் புளியும் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்து வந்திருக்கிறாள். விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கிப்போயிருந்தது. ஊரையே ஏசுகிறவள் இப்படிச் செய்துகொண்டு வந்து நின்றதைப் பார்த்ததும் அந்த வீட்டைக் கொளுத்திவிடலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் மாமியார் நாலு பேர் பார்க்க, வாங்க, உள்ளே வாங்க என்றார். ஹாலில், ஃபேனுக்குக் கீழே, தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டிருந்தது. அம்மா அதன் விளிம்பில் உட்கார்ந்தாள்.

மற்றவர்கள் எனக்குச் சந்தனம் பூசிக்கொண்டிருந்தார்கள். அம்மா மீன்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, தொட்டியின் மேல்மூடியை லேசாகத் தூக்கி, ஒரு விரலைத் தண்ணீரில் விட்டாள். நான் பழக்கி வைத்திருந்த மீன்கள், தீனி என்று நினைத்து ஓடிவந்து விரலைக் கொத்தின. கருப்புதான் முதலில். அம்மா சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள். "கடிக்கிதுடி. தோ பாரு, கடிக்கிது." ஆயுசு முழுக்க மீனில் கை வைத்தவளை ஒரு மீன் தேடிவந்து தொட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும். நான் அவளை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை.

மூடிக்குப் பக்கத்தில் தீனி டப்பா திறந்திருந்தது. அம்மா மூக்கை உறிஞ்சினாள். அவள் மூக்கை யாராலும் ஏமாற்ற முடியாது. "இன்னாடி, இங்க கருவாட்டு வாசன வருது?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாமியார் முகம் மாறாமல் சொன்னார். "கவிச்சி எங்க வீட்ல ஏது? உங்க கூட வந்திருக்கும்."

அம்மா இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மணையிலிருந்து எழுந்துபோய் டப்பாவை எடுத்து, பின்பக்கத்தைப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற குரலில் படித்தேன். மீன் தூள், இறால் தூள், கோதுமை மாவு. தீட்டு வரும்வரை தினமும் காலையில் அத்தைதான் போட்டார் என்று சேர்த்துக்கொண்டேன். பக்கத்து வீட்டு மாமி டப்பாவை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு அவசரமாகக் கீழே வைத்தார். பிறகு யாரோ வளையல் போடலாம் என்றார்கள், நேரமாகிறது என்றார்கள். அம்மா எனக்கு வளையல் போட்டாள்.

புதன்கிழமை வடக்கே சூலம், பிள்ளைத்தாய்ச்சி கடலூர்ப் பக்கம் கிளம்பக் கூடாது, மறுநாள் இவர் கொண்டுவந்து விடுவார் என்று மாமனார் சொல்லிவிட்டதால் அம்மா தனியாகத் திரும்பினாள். வாசலில் என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். எதற்கு அதைப் படித்தாய், பெரியவங்க மனசு நோகும் என்றாள். உள்ள கூப்ட்டு உக்கார வெச்சாங்கல்ல, அது போதும் என்றாள். இவர் அவளை பஸ் ஏற்றிவிடக் கூடப் போனார்.

அவர்கள் தெருமுனை திரும்பியிருக்க மாட்டார்கள், பின்கட்டில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். மாமியார் அந்த நாற்காலியைப் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். அதன் கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, அடிப்பக்கமெல்லாம் தேய்த்தார். முடித்துவிட்டு டீ வடிகட்டியை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தார்.

"வேணாம் அத்த" என்றேன். "குட்டிங்க இருக்கு. தீட்டு."

"இதவிடவா" என்றார்.

மொத்தமும் கழுவினார். கல், பஞ்சு, கண்ணாடி, பவுடர் நுரையைக்கூட ஆத்திரத்தில் சரியாக அலசவில்லை. மிச்சமிருந்த குட்டிகள் தண்ணீரோடு சாக்கடைக்குப் போயின. தீனி டப்பா குப்பைக்குப் போனது. மாமனார் டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். இவர் வந்தார், ஈரத் தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காலையில் பேசிக்கொள்ளலாம் என்றார். அந்தக் காலையில் எட்டுத் தங்க மீனும் கருப்பும் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. மாமனார் பார்த்துவிட்டு, கருப்பும் போய்விட்டதே, திருஷ்டி மொத்தமாகக் கழிந்தது என்று திருப்தியாகச் சொன்னார்.

நான் தலை வாரிப் பூ வைத்துக் கிளம்பி நின்றேன். வாசலில் கார் வந்துவிட்டது. மாமியார் தொட்டிக்குப் பக்கத்திலிருந்து கூப்பிட்டார். "ஏம்மா, மீன் செத்துக் கெடக்கு. எடுத்துப் போட்டுட்டுக் கெளம்பு."

நான் இடத்தை விட்டு அசையவில்லை.

"அது மச்சம், அத்த. நீங்களே எடுங்க."

அவருக்குப் புரிந்தது. இத்தனை மாதமும் அந்த இரண்டு வார்த்தைகளை எண்ணிக்கொண்டிருந்தது நான் மட்டும் இல்லை என்பது அந்த முகத்தில் தெரிந்தது. இவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனார். நீங்க பெட்டிய எடுங்க என்றேன். ஒரு விநாடி நடுவில் நின்றார். பிறகு பெட்டியை எடுத்தார். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் நான் சொன்னதை இவர் அங்கே கேட்டது அந்த ஒரு தடவைதான்.

கார் ஆலப்பாக்கம் தாண்டியதும் நான், இனி அந்த வீட்டுக்குத் திரும்ப மாட்டேன் என்றேன். சரி என்றார். பிள்ளை பிறந்து, இவர் கடையைக் கடலூருக்கு மாற்றி, மஞ்சக்குப்பத்தில் வாடகைக்கு வீடு பிடித்ததெல்லாம் நடந்தது. அவர்கள் பிள்ளையைப் பார்க்க வருவார்கள், போவார்கள். அவர்களுக்கு நான் ஹாலில், ஃபேனுக்குக் கீழேதான் நாற்காலி போடுவேன். போனதும் அதைக் கழுவ மாட்டேன்.

அன்றைக்கு எங்கள் ஊருக்குப் போய் இறங்கும்போதே தெருவுக்கு விஷயம் தெரிந்திருந்தது. விடியற்காலையில் மார்க்கெட்டுக்குப் போன அம்மா, மீன் வாங்க வந்தவர்களிடமெல்லாம் சம்பந்தி வீட்டுக் கதையைச் சொல்லித் தீர்த்திருக்கிறாள். ஹால்ல உக்கார வெச்சாங்க, ஃபேனைப் பெருசா வெச்சாங்க, கண்ணாடித் தொட்டி, அதுல மீனு வந்து என் வெரலக் கடிச்சுது. கருவாட்டு வாசனையையும், "உங்க கூட வந்திருக்கும்" என்று மாமியார் சொன்னதையும் அவள் சொல்லவேயில்லை.

எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "மீனுங்கல்லாம் நல்லா இருக்குதா? அந்தக் கருப்பு?"

இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இருக்குதும்மா" என்றேன்.

பிள்ளைக்கு இரண்டு வயதான பிறகும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கருப்பு இன்னும் இருக்குதா, குட்டி போட்டுச்சா என்பாள். போட்டுச்சும்மா என்பேன். அம்மா தன் விரலை ஒருமுறை பார்த்துக்கொண்டு, அடுத்த மீனை எடுத்துச் செதில் தேய்க்க ஆரம்பிப்பாள்.